என் பேருக்கு நின்றவள்

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவின் எழுதுவினைஞர் இரும்பு அலமாரியைத் திறந்து, கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு புகைப்படத்தைத் துணியால் துடைத்து என் முன்னால் வைத்தார். முதலில் கண்ணில் பட்டது என் பெயர். சிங்கள எழுத்தில், கறுப்பு மையில், முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெயருக்கு நேர் மேலே, பச்சைக் கையுறைகளை முழங்காலில் வைத்துக் குந்தியிருந்த பெண்ணின் முகம் என்னுடையதல்ல.

எழுதுவினைஞர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மிஸ் நல்லா மாறிட்டீங்க" என்று சிங்களத்தில் சொன்னார். நான் மறுக்கவில்லை.

பல்கலைக்கழகப் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு இருபது வயதாவதை ஒட்டி மூன்று மொழிகளில் ஒரு மலர் வெளியிடத் தீர்மானித்திருந்தார்கள். அணியின் வரலாற்றைத் தமிழில் எழுதித் தரும்படி எனக்குக் கடிதம் வந்தது. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வேலை செய்கிறேன். அதைவிட முக்கியமாக, கடிதத்தின் இரண்டாவது வரியில் இருந்தபடி, நான் 'அணிக்கு முதற்கிண்ணத்தைப் பெற்றுத்தந்த கோல்காப்பாளர்'. அந்த வரி பிழை. பத்திரிகைத் தொழிலில் பிழை கண்டால் உடனே சிவப்பு மையால் சுழிப்பது பழக்கம். இந்தப் பிழையை நான் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகச் சுழிக்காமல் வைத்திருந்தேன்.

அணி தொடங்கியபோது எங்களுக்கு மைதானம் இல்லை. ஆண்கள் கிரிக்கெட் ஆடி முடித்த பிறகு மீதி இருந்த ஓரத்தில், பலாங்கொடைப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் காற்றுக்கு எதிராக ஓடினோம். ஆடி மாதத்தில் கோல்வாயிலிலிருந்து உதைத்த பந்து வானத்தில் நின்று, யோசித்து, நம்மிடமே திரும்பி வரும். ஆண்கள் கழித்துப் போட்ட சட்டைகளைத்தான் போட்டோம். முதுகில் ஒரே இலக்கம் இரண்டு பேருக்கு இருந்தது. அணித்தலைவி இறுதி வருடத்துச் சிங்கள அக்கா. இடதுபக்கக் காப்பாளர் பலாங்கொடைக் கடைவீதி முஸ்லிம் வியாபாரி ஒருவரின் மகள். அவளுடைய காலணிகள் வார இறுதிகளில் என் கட்டிலுக்கு அடியில் தங்கின. வாப்பாவுக்கு அவள் கரப்பந்து ஆடுவதாகச் சொல்லியிருந்தாள். வலைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் மட்டும்தான் என்பதால் அதற்கு அனுமதி இருந்தது.

நான் கோல்காப்பாளர் ஆனதற்குக் காரணம் உயரம். வேறு யாரும் அந்த இடத்தை விரும்பவில்லை என்பது இரண்டாவது காரணம். திறமை காரணமல்ல.

இரண்டாம் வருடத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். பயிற்றுவிப்பாளர் சேர் எங்களை வரிசையில் நிறுத்தி வெளிப்படையாகச் சொன்னார்: இந்தப் போட்டிக்குப் போகாவிட்டால் அடுத்த வருடம் பெண்கள் அணி என்று ஒன்று இருக்காது. போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது பயிற்சியில் ஒரு பந்து என் வலது மோதிர விரலை உடைத்தது. பலாங்கொடை ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுவரை கட்டுப் போட்டார்கள். அணியில் வேறு கோல்காப்பாளர் இல்லை. பெயர்ப்பட்டியல் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தது.

மறுநாள் காலை நான் வீட்டுக்குப் புறப்பட்டேன். இரத்தினபுரியில் ஒரு பஸ், அவிசாவளையில் ஒரு பஸ் மாறி, புளத்கொகுபிட்டியவில் இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்தபோது நான்கு மணிக் கொழுந்து நிறுவை முடிந்திருந்தது. நான் தேடிப் போனவள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் எங்கள் லயத்து அறைகளில் அவளுடையது நான்காவது வீடு. ஒரே வருடத்தில் பிறந்தோம், ஒரே வகுப்பில் படித்தோம். எங்களைச் சேர்த்துப் பார்க்கும் வெளியாட்கள் அக்கா தங்கையா என்று கேட்பார்கள். எங்கள் தோட்டத்தில் பாதி தேயிலை, பாதி இறப்பர். மரத்தின் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைக் காலையில் உரித்தெடுத்து, நாடா நாடாவாகச் சுற்றிப் பந்து செய்வோம். அந்தப் பந்து கல்லைப்போலக் கனக்கும், தரையில் பட்டால் நினைக்காத பக்கம் துள்ளும். அதை வெறுங்கையால் பிடித்து வளர்ந்தவள் அவள். உண்மையான பந்து அவளுக்குப் பஞ்சு.

உயர்தரப் பரீட்சையில் சில புள்ளிகளால் அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அடையாள அட்டையும் இல்லை. பிறப்பைப் பதிந்தவர்கள் அவள் தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் காதால் கேட்டபடி எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு பெயர். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை அவள் அனுப்பவில்லை.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் 'பேர்' என்றால் கூப்பிடும் பெயர் மட்டுமல்ல. ஒரு நாள் வேலையையும் பேர் என்றே சொல்வோம். குறித்த கிலோ கொழுந்து பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். பல நாள் வராதவரின் பேரை வெட்டிவிடுவார்கள். அதனால் தாய்க்குக் காய்ச்சல் என்றால் மகள் கூடையை மாட்டிக்கொண்டு தாயின் பேருக்கு நிற்பாள். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை தாயின் பெயரைக் கூப்பிடுவார். மகள் "இருக்கேங்க" என்பாள். யாராவது முணுமுணுத்தால் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆளு எவளா இருந்தா எனக்கென்ன, பேரு வந்துச்சா?" நாங்கள் இருவரும் அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒருவர் பெயரில் இன்னொருவர் நிற்பது குற்றம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அவள் என் கையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி இது, கையில முட்டக்கோசு?"

"பந்து பட்டுருச்சு."

"பந்துன்னா புடிக்கணும் புள்ள, வாங்கிக் கட்டிக்கக் கூடாது."

"என் பேருக்கு நிக்கிறியா?" என்று கேட்டேன்.

"எத்தன நாளு?"

"மூணு நாளு."

"முழுப் பேரா, அரப் பேரா?"

"முழுப் பேரு."

அவள் கூடையைச் சுவரில் சாய்த்தாள். "அப்ப எங்கம்மா பேருக்கு யாரு நிக்கிறது? ஒங்க சேரா?"

உள்ளே படுத்திருந்த அவள் அம்மா குரல் கொடுத்தார். அவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். "நான் நிக்கிறேன் போடி. நேத்தே காச்சல் விட்டுருச்சு. நீ போயி பந்தப் புடி."

அன்று என் பல்கலைக்கழக அட்டையோடு சேர்த்து அவள் கையில் கொடுத்த என் தேசிய அடையாள அட்டைதான் அவள் வாழ்க்கையில் பிடித்த முதல் அடையாள அட்டை. படம் மங்கல். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன்னவிட என்ன மாதிரிதான் இருக்கு" என்றாள்.

போட்டி மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு பல்கலைக்கழகத்தில். அணியில் எல்லோருக்கும் தெரியும். சேர் எங்கள் இருவரையும் பார்த்து, "அக்கா நங்கியா?" என்று, அக்கா தங்கையா என்று மட்டும், சிங்களத்தில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் பஸ்ஸில் ஏறினார். அந்த மூன்று நாளும் நான் கோட்டுக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் அவள் பெயரோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் என்னை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மூன்றாமிடத்துக்கான ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனல்டிக்குப் போனது. நடுவர் பட்டியலைப் பார்த்துக் கோல்காப்பாளரின் பெயரைக் கூப்பிட்டார். என் பெயர். அவள் கோட்டில் நிமிர்ந்து நின்று, பெரட்டுக் களத்தில் சொல்வதைப்போலச் சத்தமாக, "இருக்கேங்க!" என்றாள். நடுவருக்குப் புரியவில்லை. எங்கள் அணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முதல் பந்து உள்ளே போனது. இரண்டாவதையும் நான்காவதையும் பிடித்தாள். தட்டிவிடவில்லை, இரண்டையும் நெஞ்சோடு பிடித்தாள். கிண்ணம் ஒரு சாண் உயரம். அந்தக் கிண்ணத்தைக் காட்டித்தான் சேர் அடுத்த வருடம் மைதானமும் வலையும் பதினெட்டுச் சோடி காலணிகளும் கேட்டு வாங்கினார். அணியின் வரலாறு அந்த இரண்டு பந்துகளில் தொடங்குகிறது.

படம் பார்த்த அன்று நான் மைதானத்துக்கும் போனேன். இப்போது நான்கு பக்கமும் வேலி இருக்கிறது. பதினைந்து பெண்கள் பெனல்டி பழகிக்கொண்டிருந்தார்கள். கோல்வாயிலில் நின்ற சிங்களப் பெண் ஒவ்வொரு பந்துக்கும் முன் கையுறைகளை ஒன்றோடொன்று அடித்து ஏதோ கத்தினாள். காற்று என் பக்கம் திரும்பியபோதுதான் அது காதில் விழுந்தது. "இருக்கேங்!"

பயிற்சி முடிந்ததும் அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன்.

"தெரியாது அக்கே" என்றாள் சிங்களத்தில். "இங்கே கோல்காப்பாளர் எல்லாரும் அப்படித்தான் கத்துவாங்க. எனக்கு முந்தி இருந்த அக்காவும் கத்தினா. கத்தாட்டி பந்து உள்ள போயிரும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அதை எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எழுதவில்லை.

போட்டி முடிந்து ஊர் திரும்பியபோது அவள் என் பல்கலைக்கழக அட்டையைத் திருப்பித் தந்தாள். அடையாள அட்டை பஸ்ஸில் எங்கோ விழுந்துவிட்டது என்றாள். நான் பொலிஸில் முறைப்பாடு எழுதிப் புதிய அட்டை எடுத்தேன். ஐந்து மாதம் கழித்து விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது நான்காவது வீட்டில் அவள் இல்லை. "வெளிநாடு போயிட்டா" என்றார் பெரியம்மா. "யாரோ ஒரு ஏஜென்ட்டாம், எல்லாம் அவரே பாத்துக்கிட்டாராம்." அட்டை இல்லாதவள் எப்படிப் போனாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது மறதியால் அல்ல.

ஆறு வருடம் கழித்துப் பத்திரிகை என்னை ஒரு பயிற்சிக்குச் சென்னை அனுப்பத் தீர்மானித்தது. கடவுச்சீட்டு அலுவலகத்தின் கவுன்டரில் இருந்த பெண் என் விண்ணப்பத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே" என்றார். திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர், என் பிறந்த திகதி, என் தாய் தந்தை பெயர். நடுவில் அவள் முகம். தலைமுடியை இறுக்கி வாரி, காது தெரிய, நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரைத் தெரியுமா?"

பயணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தெரியும் என்றால் விசாரணை, வாக்குமூலம், அட்டை எப்படிக் கைமாறியது என்ற கேள்வி, அதன் வழியே போட்டி, கிண்ணம். தெரியாது என்றால் ஒரு சத்தியக் கடதாசி போதும். எதிர்க் கட்டடத்தில் ஒரு சட்டத்தரணி அதை இருபது நிமிடத்தில் தட்டச்சுச் செய்து தந்தார். மூன்றாவது பந்தி: 'மேற்படி கடவுச்சீட்டில் உள்ள புகைப்படத்திலிருப்பவர் எனக்கு எவ்விதத்திலும் அறிமுகமற்றவர் எனச் சத்தியம் செய்கிறேன்.' அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டேன். பழைய கடவுச்சீட்டு இரத்துச் செய்யப்பட்டது. நான் சென்னைக்குப் போய் வந்தேன்.

மலருக்காகப் படத்தைப் பார்த்து வந்த மறு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அதே நான்காவது வீடு. தகரம் மட்டும் புதியது. மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு மின்குமிழ் எரிந்தது. அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒன்னப் பாத்தா அவளப் பாத்த மாதிரி இருக்கு" என்றார். "கோயில்ல மாசா மாசம் ஒம் பேருக்குத்தான் பூச வைக்கிறேன், தெரியுமா?"

"எம் பேருக்கா?"

"அவ ஒம் பேர்லதான போனா. நான் பாட்டுக்கு அவ பேரச் சொல்லி, சாமி அங்க போயி தேடி, அப்படி யாரும் இல்லன்னு திரும்பி வந்துட்டா? ஃபாதரு ஒம் பேரத்தான் வாசிப்பாரு. மொத மொற வாசிச்சப்ப ஒங்கம்மா சண்டைக்கு வந்துட்டா, உசுரோட இருக்கிற புள்ளைக்கு என்னா பூசன்னு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"கடேசியா எப்ப பேசினா, பெரியம்மா?"

"பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும். அழுதா. வீட்டுக்கு வரணும்னு டிக்கட்டு எடுக்கப் போனாளாம். பாஸ்போட்டு செல்லாதுன்னுட்டாங்களாம். இங்க யாரோ பேர வெட்டிட்டாங்கம்மான்னா. அதோட சரி. வேலைக்கு நின்ன அந்த வீட்டுலயும் இல்லையாம். வேற எங்கயோ ஒளிஞ்சிருந்து வேல செய்யறான்னு அங்க இருந்து வந்த ஒருத்தி சொன்னா."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். பத்திரிகையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு விதி உண்டு: யார் செய்தார் என்பது தெரிந்திருந்தால் 'வெட்டப்பட்டது' என்று எழுதாதே.

"நான்தான் வெட்டினேன், பெரியம்மா" என்றேன். கடவுச்சீட்டு அலுவலகத்தில் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். அவளை எனக்குத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன்.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரத்தை இடம் மாற்றும் சத்தம் கேட்டது. நான் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கி போ போன்னு அனுப்பினது நான்" என்றார். முந்தானை நுனியை இடுப்பில் செருகினார். பிறகு, "அந்தப் பொஸ்தகத்துல அவ படம் வருதா?"

"வரும்."

"யாரு பேரு போடுவாங்க?"

"எம் பேரு."

"ஒம் பேர எடுத்துரு. அவ பேர போடு. படத்துக்குக் கீழயே போடு. பொஸ்தகம்னா பல ஊருக்குப் போகும். இப்பதான் எல்லாத்தையும் போன்ல போடுறாங்களே. அங்க யாராச்சும் பாத்து, இது நம்ம பக்கத்து வீட்டுல இருக்கிற புள்ள, இவ பேரு இதுன்னு சொல்லுவாங்க. பேரு இல்லாம எப்படிம்மா திரும்பி வருவா?"

போடுவேன் என்று சொன்னேன்.

கொழும்பு திரும்பியதும் முதலில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் விபரம் தரும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். காணாமல் போனவரின் விபரம் என்று படிவத்தில் என் பெயரையும் என் பழைய அட்டை இலக்கத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அலுவலர் பதிவைத் தேடிவிட்டுத் தலையை ஆட்டினார். "இவர் காணாமல் போகவில்லை. கொழும்பில் இருக்கிறார். போன வருடம்கூட கடவுச்சீட்டைப் புதுப்பித்திருக்கிறார்." அவளுடைய சொந்தப் பெயரைக் கொடுத்தேன். அந்தப் பெயரில் யாரும் நாட்டைவிட்டுப் போகவில்லை. முன்பு கொடுத்த சத்தியக் கடதாசி பொய் என்று கடவுச்சீட்டு அலுவலகத்தில் இன்னொரு சத்தியக் கடதாசி கொடுத்தேன். அதை வாங்கி முத்திரை குத்தினார்கள். பதில் இன்னும் வரவில்லை.

மலருக்கான கட்டுரையை ஒரே நாளில் எழுதினேன். காற்று, கிரிக்கெட் மைதானத்தின் ஓரம், ஒரே இலக்கம் போட்ட சட்டைகள், இரண்டு பந்துகள். மூன்றாவது பந்தியில், அந்தப் பந்துகளைப் பிடித்தவர் யார், என் பெயரில் ஏன் நின்றார், 'இருக்கேங்க' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதை எழுதி, அவளுடைய முழுப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்தேன். படத்துக்கான திருத்தத்தையும் தனித்தாளில் இணைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பயிற்றுவிப்பாளர் சேர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வுபெற்றுவிட்டார்; மலர்க் குழுவில் இருந்தார். "துவே" என்றார். மகளே என்று. அந்த நாட்களில் எங்களை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"எனக்கு அன்றைக்கே தெரியும்" என்று சிங்களத்தில் தொடர்ந்தார். "என் காலத்தில் அவளைப்போல ஒரு கோல்காப்பாளர் வரவில்லை. ஆனால் அவள் மாணவி இல்லையே. பதிவேட்டில் இல்லாத பெயரை எப்படிப் போடுவது? போட்டால் கிண்ணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இப்போது ஆடுகிற பிள்ளைகள் என்ன செய்தார்கள்?"

"அவள் அம்மா கேட்கிறார், சேர். அவள் இன்னும் திரும்பி வரவில்லை. பெயரைப் பார்த்து யாராவது அடையாளம் சொல்லக்கூடும்."

"குழுவில் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். மறுநாள் மீண்டும் எடுத்தார். குழு ஒத்துக்கொள்ளவில்லை. "உன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றால் எடுக்கலாம். நீ எழுத்தில் கேட்டால்."

அன்றே எழுத்தில் கேட்டேன்.

மலர் இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. கனமான மினுங்கல் தாள். என் கட்டுரையில் மூன்றாவது பந்தி இல்லை. படம் பன்னிரண்டாம் பக்கத்தில், முழுப்பக்கமாக, தெளிவாக அச்சாகியிருந்தது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன்.

பெரியம்மா பூசை முடிந்து வந்து வெள்ளைச் சேலையோடு இருந்தார். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். மகளை உடனே கண்டுகொண்டார். கையுறைமேல் விரல் வைத்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. விரலை மெதுவாகக் கீழே இறக்கி, எழுத்துகளின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்தினார்.

"இதுல எதும்மா அவ பேரு?" என்று கேட்டார்.

படத்தில் பதினொரு பேர் இருக்கிறார்கள். கீழே பத்துப் பெயர்கள் இருக்கின்றன.